வெங்காயப் பாயசத்தில் நான் செய்த திருத்தம்

பழைய சமையல் புத்தகம் ஒன்றில் வெங்காயப் பாயசம் கண்டேன். இனிப்பில் வெங்காயமா? அலுவலகத்தில் முப்பது ஆண்டுகள் பிறர் பிழையைத் திருத்தியவன் நான். அது, ஏதோ மருந்துச் சரக்கு என்று எப்போதோ கேள்விப்பட்ட ‘வெங்காரம்’ என்பதன் அச்சுப்பிழை என்று முடிவு கட்டினேன். மருமகன் விருந்துக்கு வரும் நாளில் அதை வாங்கச் செக்காலைக் கடைத்தெருவுக்குப் போனேன்.

“நகை பத்தவைக்கவா சார்?” என்றார் நாட்டு மருந்துக் கடைக்காரர்.

“பாயசத்துக்கு. மாப்பிள்ளை வர்றார்.”

அவர் பொட்டலத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். “அவுக மேல அப்படி என்ன கோவம்? இது வயித்துக்குள்ள போனா விஷம். ஆஸ்பத்திரி, போலீசுன்னு அலைவீக.”

வீட்டில் மனைவி, புத்தகத்தில் இருந்தபடியே வெங்காயத்தை வாடை போக வேகவைத்துப் பாலில் சேர்த்தாள். மருமகன், “நுங்கா அத்தை?” என்று இரண்டாவது கிண்ணமும் கேட்டார்.

இப்போது விளங்காத சொல் வந்தால் நான் திருத்துவதில்லை, அவளிடம் கேட்கிறேன். சமையலறையில் எனக்கிருக்கும் ஒரே அதிகாரம், உரிப்பது.