ஏசுதாசனின் சிவந்த கண்

ஏசுதாசனுக்கு ஓரிடத்தில் இருப்புக் கொள்ளாது. குற்றாலத்தில் ஐந்தருவிக்குப் போகிற சாலையோரம் அவருக்குப் பழக்கடை. கடையில் ஸ்டூல் உண்டு, அதில் அவர் உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. மங்குஸ்தானைத் துடைப்பார், ரம்புட்டானை அடுக்குவார், அடுக்கியதைக் கலைத்து மறுபடியும் அடுக்குவார். சீசன் மூன்று மாதம்தான், அதை விட்டால் வருஷம் போச்சு.

இந்த மனிதருக்குத்தான் இடது கண்ணில் சதை வளர்ந்தது. மூக்கோரம் வெள்ளை விழியில் கிளம்பி, கருவிழியை எட்டிப் பார்க்கும் சின்னச் சிவப்புச் சதை. கடை போடுமுன் இருபது வருஷம் ராயகிரிக்கும் கடையத்துக்கும் பைக்கில் பழக்கூடை கட்டி அலைந்தவர். வெயில், புழுதி, எதிர்காற்று எல்லாவற்றையும் கண்ணாலேயே வாங்கியவர். வலி கிடையாது. கொஞ்சம் உறுத்தும், சிவக்கும்.

அதோடு போயிருந்தால் பரவாயில்லை. ஒரு சீசனில் மதுரைக் குடும்பம் ஒன்று இரண்டு கிலோ நிறுக்கச் சொல்லிவிட்டு அவர் முகத்தைப் பார்த்தது. "ஐயோ, மெட்ராஸ் ஐ!" என்று அந்த அம்மாள் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு நகர்ந்தாள். "இது ஒட்டாதும்மா, வெறும் சதைதான்" என்றார் ஏசுதாசன். சதை என்றதும் அவள் இன்னும் வேகமாக நடந்தாள்.

அன்றிலிருந்து அவருக்கு நிம்மதி போயிற்று. சாரலில்கூடக் கறுப்புக் கண்ணாடியோடு நின்றார். "என்ன அண்ணாச்சி, சினிமாவுக்கு ஆள் எடுக்காவளா?" என்று ஆட்டோக்காரர்கள் வம்புக்கு இழுத்தார்கள்.

தென்காசியில் ஒரு மருந்துக்கடைக்காரர் சொட்டு மருந்து கொடுத்தார். இரண்டே நாளில் கண் பளிச்சென்று ஆகிவிட்டது. சதை இருந்த இடத்திலேயே இருந்தது, சிவப்பு மட்டும் ஓடிப்போனது. நிறுத்தினால் மறுபடியும் சிவக்கும். அதனால் அவர் நிறுத்தவில்லை. தீர்ந்தால் காலிக் குப்பியைக் காட்டி அடுத்ததை வாங்குவார். காலையில் இரண்டு சொட்டு, வேன் கூட்டம் தெரிந்தால் இன்னும் இரண்டு. டாக்டரிடம் போனால் அறுக்கச் சொல்வார், அறுத்தால் சீசன் போய்விடும் என்பது அவர் பயம்.

"கண் கெட்ட பெறவா சூரிய நமஸ்காரம் பண்ணப் போறிய?" என்று மனைவி ஷெர்லின் கத்துவாள்.

"ஏட்டி, சீசன் முடியட்டும்."

இப்படி இரண்டு சீசன் முடிந்தது. மூன்றாவது தொடங்குமுன் ஷெர்லின் அவரை இழுக்காத குறையாகத் தென்காசிக்குக் கூட்டிப்போனாள். கண் டாக்டர் உமா மகேஸ்வரி விளக்கடித்துப் பார்த்தார்.

"இந்தச் சதை ஒண்ணும் செய்யாது அண்ணாச்சி. கேன்சர் கட்டி இல்ல, பார்வையையும் மறைக்கல. வெயில்ல கண்ணாடி போடுங்க. உறுத்தினா கண் ஈரமா இருக்க ஒரு மருந்து தாரேன். இப்ப அறுக்கவே வேண்டாம்."

ஏசுதாசனுக்குப் போன உயிர் வந்தது. எழுந்தே விட்டார். "அப்ப வாரேன் டாக்டரம்மா, கடை கெடக்கு."

"இருங்க. இப்ப என்ன மருந்து விடுதிய?"

பெருமையாகச் சட்டைப்பையிலிருந்து குப்பியை எடுத்து நீட்டினார். படித்ததும் டாக்டரின் முகம் மாறியது. "எத்தன நாளா?"

"ரெண்டு வருசம் இருக்கும். ரெண்டு கண்ணுலயும் விடுவேன். ஒரு கண்ணு மட்டும் வெள்ளையாத் தெரிஞ்சா நல்லாருக்காதுல்லா?"

"இது ஸ்டீராய்டு அண்ணாச்சி. நாங்க சொல்லாமத் தொடக்கூடாது. கண்ணுக்குள்ள பிரஷரை ஏத்தி நரம்பைக் கெடுத்துரும். வலிக்கவும் செய்யாது."

அளந்து பார்த்தால் பிரஷர் இருக்க வேண்டியதைப்போல இரண்டு மடங்கு. பிறகு இருட்டறையில் ஒரு சோதனை. பெட்டிக்குள் முகத்தை வைத்து நேராகப் பார்க்க வேண்டும். எந்தப் பக்கம் வெளிச்சப் புள்ளி தெரிந்தாலும் பொத்தானை அமுக்க வேண்டும். அவர் மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்தார். ஒரு புள்ளியையும் தவறவிடவில்லை என்று சத்தியமாக நம்பினார்.

டாக்டர் விரித்த காகிதத்தில் ஓரமெல்லாம் கறுப்பு அப்பியிருந்தது. "இந்தக் கறுப்பு இருக்க பக்கமெல்லாம் பார்வை போயிட்டு. போனது திரும்பாது. இந்த மருந்தை இன்னையோட நிறுத்துங்க. மிச்சத்தைக் காப்பாத்த வேற மருந்து, விடாம விடணும்."

"மெஷின் கோளாறு டாக்டரம்மா. அந்தப் பக்கமெல்லாம் வெளிச்சமே வரல. வந்தா அமுக்கியிருப்பேன்லா?"

"வந்துச்சு அண்ணாச்சி."

ஏசுதாசன் துணைக்கு ஷெர்லினைத் தேடித் தலையை முழுசாகத் திருப்பினார். பக்கத்து நாற்காலியில் அவள் இவ்வளவு நேரமும் அழுதுகொண்டிருந்தது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.