மொரிஷிதா சான் படிக்கும் வேகம்

ஜப்பானின் ஒகயாமா நகரில் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் மதியச் சாப்பாட்டுப் பெட்டிகளை நிரப்பும் வேலை கனாயேவுக்கு. மிச்ச நேரமெல்லாம் கணினியில் கதைவிளையாட்டு செய்வாள். திரையில் படம் நிற்கும், கீழே வசனம் வரும், பின்னால் இசை கேட்கும். படிப்பவர் பொத்தானைத் தட்டினால்தான் அடுத்த வரி.

அவளுடைய முதல் விளையாட்டு, செய்தவர்களே மேசை போட்டு விற்கும் கோடைச் சந்தையில் முப்பது பிரதி போனது. கடைசிவரை படித்ததாக ஒருவரும் எழுதவில்லை. முப்பது பேரில் ஒருவருக்குக்கூடவா முடிவைத் தெரிந்துகொள்ளத் தோன்றவில்லை? அந்த அவமானம் அவளை அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டாவதையும் பாதியில் மூடினார்களென்றால் கடையைக் கட்டிவிடுவது என்று இருந்தாள்.

இந்த முறை முடிவில் படகுத்துறையில் ஒரு பிரிவு. அதற்காக அவளுடைய பள்ளித் தோழன் ஷோஜி மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு ஒரு பியானோ இசை போட்டிருந்தான். எந்த வரிக்கு எந்தச் சுரம் என்று இருநூறு தடவையாவது ஓட்டிப் பார்த்து கனாயே பொருத்தியிருந்தாள். நான்கு நாளில் வட்டு அச்சுக்குப் போக வேண்டும்.

மதிய இடைவேளையில் அந்த முடிவுக் காட்சியைத் திறந்து, மீன் பிரிவு மொரிஷிதா சானிடம் மடிக்கணினியை நீட்டினாள். மீன் வெட்டும்போது கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிடுகிற அந்த அம்மாள், படிக்கும்போது ஒவ்வொரு வரியையும் முணுமுணுத்தார். நடுவில் சோற்றுருண்டையை வேறு கடித்துக்கொண்டார்.

"இனி வரமாட்டேன்" என்று கதாநாயகன் சொல்லும் வரி வந்தது. அதற்குள் இசை முடிந்து, துள்ளலான தொடக்கத்துக்கே திரும்பிவிட்டிருந்தது. மொரிஷிதா சான் சிரித்துவிட்டார்.

"ஏம்மா, அவன் போறானேன்னு நான் கண்ணத் தொடைக்கப் போனா, பாட்டு என்னைத் திருவிழாவுக்குல்ல கூப்பிடுது!"

கனாயேவுக்கு முகம் சிவந்துபோனது. மனப்பாடமான வசனத்தில் ஓடும் தன் கண் வேகத்துக்கு இசையை அளந்து வைத்திருக்கிறாள், மடச்சி! படிப்பவர்களுக்கு அது புது வசனம் அல்லவா?

கடைக்குப் பின்னால் போய் ஷோஜியைத் தொலைபேசியில் அழைத்து நடந்ததைச் சொன்னாள்.

"மூணு மாச உழைப்பு. தூக்கிடவா சொல்ற?"

"அந்த இடத்துல வேணாம்டா. எந்தப் பாட்டும் வேணாம். அலைச்சத்தம் மட்டும் போதும்."

கோபித்துக்கொண்டான் என்றே நினைத்தாள்.

"அந்தம்மா எவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டாங்க?"

"பதினோரு நிமிஷம்."

"என் பாட்டு மூணு நிமிஷம்தான். சரி, அலையே ஓடட்டும். கடைசி வரியைத் தட்டினதும் என் பாட்டு. முழுக்கப் படிச்சவங்களுக்கு மட்டும் கேக்கட்டும்."

இரண்டு நாள் கழித்து மொரிஷிதா சான் மீண்டும் உட்கார்ந்தார். திரையில் அலை அடித்துக்கொண்டே இருந்தது. இடைவேளை முடிந்து மணி அடித்தது. அவர் எழவில்லை.

"மொரிஷிதா சான், மணி அடிச்சிருச்சு."

"செத்த மீன் எங்கம்மா ஓடிடப் போகுது? சும்மா இரு."

கடைசி வரியையும் முணுமுணுத்துவிட்டு, நிதானமாகத் தட்டினார். பியானோ ஒலித்தது. மூன்று நிமிடமும் அசையாமல் கேட்டு முடித்தவர், நிமிர்ந்து பார்த்தார்.

"நீ ஏம்மா அழற? எழுதினதே நீதான?"