பெரியப்பாவின் இரண்டு பொய்கள்

எங்கள் பெரியப்பா நல்ல கோச்சா இல்லையா என்ற விவாதம் இலண்டனின் ஹவுன்ஸ்லோவில் இன்னும் முடியவில்லை. கலியாண வீடுகளில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கும்போது யாராவது அதைத் தொடக்கிவைப்பார்கள். அவர் ஒரு கோப்பைகூட வென்று தரவில்லை என்று ஒரு கட்சி சொல்லும். மறு கட்சியும் அதை மறுக்காது. ஆனாலும் மனுசன் தங்கம் என்று சொல்லிவிட்டு வடையை எடுத்துத் தட்டில் வைக்கும். என்னிடம் ஒரு பதில் உண்டு. அதை எந்த வரிசையிலும் நான் சொன்னதில்லை. அதில் என்னுடைய பங்கு அவ்வளவு அழகானதல்ல.

ஒவ்வொரு கோடையிலும் யாழ்ப்பாணத்துக் கல்லூரிகளின் பழைய மாணவர் சங்கங்கள் இலண்டனில் கூடி உதைபந்தாட்டப் போட்டி நடத்தும். பெரியவர்கள் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு ஒரு பக்கத்தில் ஓடுவார்கள். மற்றப் பக்கத்தில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைகளின் ஆட்டம். எங்களுக்கு இருந்த சட்டம் ஒன்றுதான்: தகப்பனோ தாயோ படித்த கல்லூரிக்குத்தான் பிள்ளையும் ஆடவேண்டும். கண்ணாலும் கண்டிராத ஒரு கல்லூரியின் மானத்துக்காக, தலைக்கு மேல் விமானங்கள் இறங்கிக்கொண்டிருக்கும் மைதானத்தில் நாங்கள் முழங்கால் தேய விழுந்து எழும்பினோம்.

அப்பாவும் அவருடைய தமையனான பெரியப்பாவும் ஒரே கல்லூரி. அம்மாவின் தம்பி, என் மாமா, எதிரிக் கல்லூரி. அவர்களுடைய பிள்ளைகள் அணிக்கு அவரே மனேஜர். போட்டி நெருங்கும் வாரங்களில் மாமா எங்கள் வீட்டுக்கு வந்தால் அப்பா தேநீர் மட்டும் கொடுப்பார், கதை கொடுக்கமாட்டார்.

பெரியப்பா விமான நிலையத்தில் பெட்டி ஏற்றும் வேலை. காலை ஷிப்ட் முடித்து, அதே மஞ்சள் மேற்சட்டையுடன் பயிற்சிக்கு வருவார். மற்ற கோச்மார் தொண்டை கிழியக் கத்துவார்கள். இவர் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். அவரைப் பற்றி ஊருக்குத் தெரிந்த ஒரே விசேஷம், பொய் சொல்லமாட்டார் என்பது. நான் சொல்லவந்த போட்டிக்கு முந்தின வருடம் அரையிறுதியில் எங்கள் பையன் ஒருவன் அடித்த கோலை நடுவர் ஏற்றுக்கொண்ட பிறகு, இவர் உள்ளே போய், பந்து அவன் கையில் பட்டது என்று சொல்லிவிட்டு வந்தார். நாங்கள் தோற்றோம். பெற்றோரில் பாதிப்பேர் ஒரு மாதம் அவருடன் முகம் கொடுத்துப் பேசவில்லை.

அணியில் முன்னுக்கு நின்று கோல் அடிப்பவள் நான். எனக்கு அப்போது பத்து வயது. அணியில் ஒரேயொரு பெண்பிள்ளை என்பதில் எனக்கு ஏகப்பட்ட பெருமை. அந்த வருடம் ஜேர்மனியிலிருந்து ஒரு குடும்பம் எங்கள் தெருவுக்குக் குடிவந்தது. அவர்களுடைய மகன் பயிற்சிக்கு வந்தான். நாங்கள் அவனை ஜேர்மன்காரன் என்று கூப்பிட்டோம். முதல் நாளே ஐந்து கோல் அடித்தான். இரண்டாவது வாரம் நான் வெளியே வாங்குப் பலகையில் உட்கார்ந்து தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல் இருந்தேன். அவனை நான் மனதார வெறுத்தேன். அதைவிட நாகரிகமான சொல் அதற்கு இல்லை.

ஒரு நாள் பயிற்சி முடிந்து பெரியப்பாவின் வான் வண்டியில் எல்லோரும் திரும்பினோம். ஜேர்மன்காரன் பின் இருக்கையில், எனக்குப் பக்கத்தில், நித்திரை. முன்னால் இருந்த அவனுடைய அப்பா மெதுவாகச் சொன்னார்.

"அண்ணை, ஒரு விசயம். நான் உங்கட கல்லூரியில படிக்கேல்லை. இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அஞ்சு பள்ளிக்கூடம் மாறினனான். கடைசியா ஒரு புளியமரத்துக்குக் கீழ. அதுக்கெல்லாம் இஞ்ச சங்கம் இல்லை. பிள்ளை எந்தக் கல்லூரி எண்டு கேக்கிறான், எனக்குச் சொல்ல ஒண்டும் இல்லை. அவனைச் சேர்க்க ஏலாதெண்டால் சொல்லுங்கோ."

சமிக்ஞை விளக்கு பச்சையானதும் பெரியப்பா வண்டியை எடுத்தார். பிறகு, "புதன்கிழமை அரை மணித்தியாலம் முந்தி வரச்சொல்லுங்கோ. இடது காலால அடிக்கப் பழக்கவேணும்" என்றார்.

புளியமரமும் இடப்பெயர்வும் என் காதில் விழுந்தன, மனதில் விழவில்லை. எங்கள் கல்லூரி இல்லை என்பதை மட்டும் நன்றாகப் பிடித்து வைத்துக்கொண்டேன்.

போட்டி நாளன்று ஜேர்மன்காரன் எங்களை இறுதியாட்டம்வரை கொண்டுபோய் நிறுத்தினான். எதிரே மாமாவின் அணி. எங்கள் கல்லூரியின் பிள்ளைகள் இறுதிக்கு வந்தது அதுவே முதல் தடவை. அப்பாவின் சிநேகிதர்கள் கோப்பையை எந்த வீட்டில் வைப்பது என்று கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். நான் ஒரு நிமிடமும் விளையாடவில்லை. சாப்பாட்டுக் கூடாரத்தில் மாமா எனக்கு ஒரு மட்டன் ரோல் வாங்கித் தந்து, ஏன் முகம் தொங்கிக் கிடக்கிறது என்று கேட்டார். ரோலைக் கடித்துக்கொண்டே சொல்லிவிட்டேன்.

"அவன்ர அப்பா எங்கட கல்லூரி இல்லை மாமா."

மாமா கெட்டவர் அல்ல. ஆனால் மனேஜர். ஐந்து நிமிடத்தில் மைதானத்தின் ஓரத்தில் இரண்டு சங்கத்துக்காரரும் கூடிவிட்டார்கள். ஜேர்மன்காரனின் அப்பா நடுவில் நின்றார். அவன் கொஞ்சம் தள்ளி, பந்தைக் காலால் உருட்டிக்கொண்டு நின்றான்.

"தம்பி எந்த வருசம் படிச்சனீங்கள்? அப்ப ஆர் கல்லூரி அதிபர்?" என்று மாமா மரியாதையாகத்தான் கேட்டார்.

அந்த மனிதர் தலையைத் திருப்பி மகனைப் பார்த்தார். பந்து உருளுவது நின்றிருந்தது.

பெரியப்பா பின்னால் கட்டிய கையுடன் கூட்டத்துக்குள் வந்தார். "உவரை எனக்குத் தெரியாதோ? நான் உதைபந்து அணித் தலைவனா இருக்கேக்க உவர் சின்னப் பெடியன். வேலிக்கு அங்கால போற பந்தெல்லாம் ஓடிப்போய் எடுத்துத் தாறவர். அதிபரின்ர பேர் எனக்கே மறந்துபோச்சு, அவரிட்டக் கேட்டால்?"

எல்லோரும் சிரித்தார்கள். கையில் பட்ட பந்தைக்கூட மறைக்காத மனுசன் சொன்னால் அதற்கு மேல் அப்பீல் இல்லை. "அண்ணை சொன்னால் சரி" என்று மாமா ஒதுங்கினார். அந்த அப்பாவும் சிரித்தார், எல்லோரும் சிரித்து முடித்த பிறகு. அவன் பந்தை மறுபடியும் உருட்டத் தொடங்கினான்.

பெரியப்பா பொய் சொல்கிறார், அதுவும் இவ்வளவு சரளமாக.

இறுதியாட்டத்துக்கு விசில் ஊதுவதற்கு முன் அவர் ஜேர்மன்காரனைக் கூப்பிட்டு, காதில் ஏதோ சொல்லி, முதுகில் தட்டி அனுப்பினார். அவன் போய் அவனுடைய அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றான். "பெடியனுக்குக் காலில பிடிப்பு" என்று பெரியப்பா எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அது அன்றைய இரண்டாவது பொய். சற்று முன்புவரை அவன் மான்போல ஓடிக்கொண்டிருந்ததை நாங்கள் எல்லோரும் பார்த்திருந்தோம்.

பிறகு என்னிடம் வந்தார். குனிந்து, என் சப்பாத்து நாடாவை இறுக்கிக் கட்டினார்.

"உனக்கு விளையாடவேணும், அவ்வளவுதானே. போ, விளையாடு."

குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். என் வாழ்க்கையில் அவ்வளவு மோசமாக நான் ஆடியதில்லை. பந்து வரும்போதெல்லாம் என் கண் கோட்டுக்கு வெளியே நின்ற ஜேர்மன்காரனிடம் போனது. மூன்று கோல் வாங்கித் தோற்றோம். அப்பாவே எல்லோருக்கும் முன்னால் தமையனிடம் போய், "உங்களுக்கென்ன விசரே அண்ணை?" என்று கேட்டார். பெரியப்பா வலைகளைக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். அடுத்த வருடம் சங்கம் நன்றாகக் கத்தக்கூடிய ஒருவரை நியமித்தது. கோப்பையும் வந்தது.

அன்று திரும்பும்போது வண்டியில் நான்தான் முன்னால் இருந்தேன். பின்னால் ஜேர்மன்காரன் அவனுடைய அப்பாவிடம், வேலிக்கு அங்கால போன பந்துகளைப் பற்றி ஒவ்வொன்றாகக் கேட்டுக்கொண்டு வந்தான். வேலி எவ்வளவு உயரம், அங்கே நாய் நின்றதா என்றெல்லாம். அவனுடைய அப்பா கொஞ்சம் யோசித்து, நாய் நின்றது என்றார். பெரியப்பா சாலையைப் பார்த்தபடி, கறுப்பு நாய் என்று சேர்த்துக்கொண்டார்.

நான் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பொய் சொல்லத் துணிந்த மனிதருக்கு, அந்தப் பொய்யை வைத்து ஒரு கோப்பையை வெல்லத் தெரியவில்லையே என்று அவர்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது.