வெடிக்கு மிரளாத குதிரை

ஐம்பது வயதைத் தாண்டிய ஒருவன் முதல்முதலாகக் குதிரை வாங்கினால் ஊர் என்ன பேசும் என்பதை வாங்குவதற்கு முன்பே யோசித்து வைத்திருந்தேன். எதையும் முன்கூட்டியே நினைத்துக் கலங்குவது என் சுபாவம். பஸ்ஸில் உட்கார்ந்தால் பாலம் தாங்குமா என்று பார்ப்பேன். வீட்டைப் பூட்டிவிட்டுத் தெருமுனை வரை வந்து, திரும்பிப் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பேன். அப்படிப்பட்ட நானே நினைக்காத ஒன்றை ஊர் பேசியது. "அண்ணாச்சி ரெண்டாங் கலியாணத்துக்கு இப்பவே ஊர்வலம் பழகுதாரு" என்று பஜாரில் யாரோ சொல்ல, அது என் வீட்டுக்காரியின் காதுக்கு வந்து சேர்ந்தது.

"பொண்ணு யாருன்னு கேட்டுச் சொல்லுங்க," என்றாள் அவள். "கொள்ளு வேகவைக்க இன்னொரு ஆள் வந்தா எனக்கு நல்லதுதான்."

குதிரை ஆசைக்காக வந்ததல்ல. விருதுநகரில் எனக்கும் என் தம்பிக்கும் சேர்த்து ஒரு மிளகாய் வத்தல் மண்டி இருந்தது. அப்பா திடீரென்று போனபோது நான் ஐந்தாம் வகுப்பு. மூத்தவன் என்று நான் கடைக்கு வந்தேன். தம்பி பள்ளிக்கூடத்தில் இருந்தான். அவன் படித்து முடித்து வந்ததும் கல்லா, டெலிபோன், ரயிலில் லோடு ஏற்றுவது எல்லாம் அவன் கைக்குப் போனது. அதில் எனக்கு ஒன்றும் வருத்தமில்லை என்று அப்போதெல்லாம் கேட்டவர்களிடம் சொல்வேன். கேட்காதவர்களிடமும் சொல்லியிருக்கிறேன்.

எனக்கென்று மிச்சமிருந்தது ஊர்ச் சுற்று. ஆமத்தூரும் அதைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களும் என் பொறுப்பு. மிளகாய்ச் செடி காட்டில் நிற்கும்போதே போய்ப் பயிரிட்ட சம்சாரிகளைப் பார்க்கவேண்டும். பூ நிற்கிறதா, இலை சுருட்டை விழுந்திருக்கிறதா என்று விசாரித்து, அவர்கள் வீட்டில் ஒரு வாய் மோர் குடித்து, "வத்தல் உங்க மண்டிக்குத்தான் அண்ணாச்சி" என்ற சொல்லை வாங்கிவரவேண்டும். அந்த வாய்ச்சொல்லில்தான் மண்டி ஓடியது. அந்தச் சுற்று கையை விட்டுப் போனால், தராசுக்குப் பக்கத்தில் உட்கார்த்தி வைத்த இன்னொரு சாக்குதான் நான். இது எனக்கு நன்றாகத் தெரியும். தம்பிக்கும் தெரியும்.

மழைக்காலத்தில் கரிசல் பாதையில் சைக்கிள் ஓடாது. சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் மண் அப்பிக்கொள்ளும். ஏறிப்போனவன் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு திரும்புவான். வயசில் நானும் தூக்கியிருக்கிறேன். இனி முடியாது என்று உடம்பு சொல்லிவிட்டது. மாட்டுவண்டி கட்டினால் ஒரு ஊருக்குப் போய் வரவே பொழுது சாய்ந்துவிடும். குதிரை வாங்கலாம் என்று சொன்னது தம்பிதான்.

விஸ்வநத்தத்தில் ஒரு வெடிக் கம்பெனியில் குதிரை விலைக்கு நிற்பதாக அவனே விசாரித்து வந்தான். முதலாளி அவனோடு படித்தவர். இருவரும் போனோம். செவலைக் குதிரை. அதிக உயரமில்லை, சாதுவான கண். பல் பார்த்தோம். சுழி பார்க்கத் தெரிந்த ஒருவரைக் கூட்டிப்போயிருந்தோம். அவரும் குறை சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் அதற்குமேல் ஒரு சோதனை உண்டு. சிவகாசியைச் சுற்றி எந்த நேரத்தில் எந்தக் கம்பெனிப் பொட்டலில் சாம்பிள் வெடி போடுவார்கள் என்று சொல்லமுடியாது. அதனால் உழவு மாடானாலும் வண்டி மாடானாலும் பக்கத்தில் வெடி போட்டுப் பார்க்காமல் யாரும் கயிறு மாற்றமாட்டார்கள். எனக்கும் அந்த ஒரு கவலைதான் இருந்தது. மேலே நான் உட்கார்ந்திருக்கும்போது எங்கேயாவது ஒரு வெடி போட்டு, இது பிய்த்துக்கொண்டு ஓடினால் என்ன ஆவது?

குதிரைக்குப் பின்னால் கொஞ்சம் தள்ளி ஒரு சரத்தைக் கொளுத்திப் போட்டார்கள். சடசடவென்று வெடித்து முடிந்தது. குதிரை புல்லிலிருந்து வாயை எடுக்கவில்லை.

"அண்ணே, வெடிக்கு நீங்க மிரண்டுட்டீக, அது மிரளலை," என்றான் தம்பி. முதலாளி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். நானும் சிரித்தேன். அன்று கயிறு என் கைக்கு மாறியது.

ஜட்கா ஓட்டும் ஒருவரிடம் ஏறவும் இறங்கவும் கடிவாளம் பிடிக்கவும் கற்றுக்கொண்டேன். தொடையெல்லாம் புண்ணாகி ஆறியது. அந்த ஐப்பசி மழையில் வேறு எந்த மண்டிக்காரனும் எட்டிப்பார்க்காத ஊர்களுக்கு நான் போனேன். வாசலில் குதிரை வந்து நின்றால் வீட்டில் இருப்பவர்கள் எல்லோரும் வெளியே வருவார்கள். அந்தக் கொஞ்ச நாள் நான் என்னைப் பெரிய மனுசன் என்று நினைத்துக்கொண்டது உண்மை.

பிறகு விழுந்தேன். ஆமத்தூரிலிருந்து திரும்பும்போது பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டே வந்தது. எனக்குத் தெளிவாகக் கேட்டது. எனக்குக் கேட்டது குதிரைக்கும் கேட்டிருக்கும்தானே, வெடிக்கே அசையாத குதிரை ஹாரனுக்கா அசையப்போகிறது என்று நான் பாட்டுக்கு உட்கார்ந்திருந்தேன். லாரி பக்கத்தில் வந்து எட்டிப்பார்த்ததுதான் தாமதம், குதிரை நாலு காலையும் தூக்கி ரோட்டோரத்துப் பள்ளத்தில் குதித்தது. நான் வேறு பக்கம் போனேன். காறை எலும்பு முறிந்தது.

முட்டையும் உளுந்து மாவும் வைத்துக் கட்டிய கட்டு பிரித்தபிறகு கை தூக்க வந்தது. கால்தான் தூக்க வரவில்லை. காலையில் சேணம் மாட்டுவேன். அங்கவடியில் ஒரு காலை வைப்பேன். உடனே முதுகில் வேர்வை ஊற்றும். காலை எடுத்துவிட்டுச் சேணத்தைக் கழற்றுவேன்.

"குதிரைக்குச் சட்டை மாட்டிக் கழட்டத்தானா விடிய எந்திரிக்கீக?" என்பாள் வீட்டுக்காரி.

தம்பி ஒன்றும் கேலி செய்யவில்லை. "உங்களுக்குச் சரியாகுற வரைக்கும் என் மச்சினன் சுத்துக்குப் போகட்டும்ணே," என்றான். அவன் மனைவியின் தம்பிக்கு மோட்டார் சைக்கிள் இருந்தது. மழையும் நின்று பாதை காய்ந்திருந்தது. அந்தப் பிள்ளை பணிவாக என்னிடம் வந்து உட்கார்ந்தான். எந்த வீட்டில் மோர் கொடுத்தால் மறுக்கக்கூடாது, யாரிடம் விலையை முதலில் பேசக்கூடாது, எந்த அண்ணன் தம்பிகளிடம் தனித்தனியாகப் போகவேண்டும் என்று இத்தனை வருஷத்தில் நான் சேர்த்ததை எல்லாம் ஒன்று விடாமல் சொல்லிக் கொடுத்தேன். போகும்போது என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனான்.

குதிரையின் சங்கதியைக் கண்டுபிடித்தது என் மனைவி. கொட்டத்தில் குதிரைக்குப் பின்னால் நின்றவளின் கையிலிருந்து கொள்ளு வேகவைக்கும் அண்டா நழுவிக் கல்லில் விழுந்தது. முற்றத்தில் இருந்த எனக்கே தூக்கிப்போட்டது. காக்கைகள் பறந்தன. குதிரை மட்டும் அசையாமல் நின்றதை அவள் பார்த்தாள். பிறகு அண்டாவைக் கவிழ்த்துக் கரண்டியால் அடித்தாள். மறுபடியும் அடித்தாள்.

"இங்கன வாங்க," என்றாள். "இதுக்குக் காது கேக்கலை."

"வெடிக்கே மிரளாத குதிரை அது. அண்டாவுக்கா மிரளும்?"

"கேட்டாத்தான மிரளும்?"

அவள் குதிரையின் காதுக்குப் பின்னால் கை தட்டினாள். நான் தட்டினேன். காது மடல்கூடத் திரும்பவில்லை. ஈயை விரட்ட மட்டும் ஒருமுறை ஆடியது.

அன்று நான் சாப்பிடவில்லை. குதிரை கெட்ட குதிரை என்று நினைத்திருந்தேன். இல்லையென்றால் எனக்கு உட்காரத் தெரியவில்லை என்று. இரண்டும் இல்லை. அந்தப் பிராணிக்கு உலகம் முழுக்க முதுகுக்குப் பின்னால் சத்தமில்லாமல் வந்து திடீரென்று கண்ணருகில் முளைத்துக்கொண்டிருந்தது. அதன் இடத்தில் நான் இருந்திருந்தால் என்றைக்கோ செத்திருப்பேன்.

மறுநாளே கண்மாய்க்குள் ஓட்டிப்போனேன். தண்ணீர் வற்றிய ஓரம், யாரும் பார்க்கமாட்டார்கள். ஏறினேன். பயம் போகவில்லை. ஆனால் என்ன செய்யவேண்டும் என்று இப்போது தெரிந்திருந்தது. சத்தம் எந்தப் பக்கம் கேட்கிறதோ அந்தப் பக்கம் கழுத்தில் கையை வைப்பது, தலையை மெல்லத் திருப்பிக் காட்டுவது, அது பார்த்து மூச்சுவிட்டபிறகு நடப்பது. என் மனைவி பின்னால் தகர டப்பாவைத் தட்டிக்கொண்டு ஓடிவருவாள்.

"நான்தான் லாரி. ஒதுங்குங்க."

"லாரி இப்படியா சேலையைத் தூக்கிச் செருகிட்டு வரும்?"

"உங்களுக்கு லாரி வரலைன்னாலும் குத்தம், வந்தாலும் குத்தம்."

முதலில் குதிரை அவளைக் கண்டதும் துள்ளியது. பழகப் பழக, என் கை கழுத்தில் பட்டதுமே தானாகத் தலையைத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தது. பார்த்ததும் நின்றது. ஆயுசு பூராவும் பின்னால் என்ன வருகிறதோ என்று திரும்பித் திரும்பிப் பார்த்தவனுக்கு இதைவிடத் தோதான வேலை கிடைக்காது. அதுவரை எவனுக்கும் உதவாத என் பயம் அந்தக் குதிரைக்கு உதவியது. மாசி பிறந்தபோது சிவகாசி ரோட்டுக்கே போனோம். லாரிகள் எங்களைத் தாண்டிப் போயின. அது ஒவ்வொன்றையும் தலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு நடந்தது. எனக்கு வேர்க்கவில்லை.

அந்தத் தைரியத்தில் ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் சுற்றுக்கே கிளம்பிவிட்டேன். ஆமத்தூருக்கு அங்கிட்டு, எனக்கு இருபது வருஷப் பழக்கமுள்ள ஒரு சம்சாரி. களம் முழுக்கச் சிவப்பாக வத்தல் காய்ந்தது. என்னைக் குதிரைமேல் பார்த்ததும் வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடிவந்தார்.

"வாங்க அண்ணாச்சி. கை எப்படி இருக்கு? ஏறிட்டீகளே, எங்களுக்கு எம்புட்டுச் சந்தோசம்."

மோர் வந்தது. குடித்துவிட்டு வத்தலை அள்ளிப் பார்த்தேன். "நல்லா வந்திருக்கு. எப்ப மூட்டை பிடிக்கலாம்?"

அவர் என் முகத்தைப் பார்த்தார். "உங்க ஆளு முந்தாநாளே மோட்டார் சைக்கிள்ல வந்து விலை பேசிச் சாக்கு இறக்கிட்டாரே. அடுத்த வருசமும் அவர்கிட்டயே பேசிக்கோங்கன்னு தம்பி சொல்லிவிட்டாகளாம். அண்ணனுக்குப் பயம் பிடிச்சுப்போச்சு, இனிமே வெளிய வரமாட்டாருன்னு." பிறகு சங்கடப்பட்டு, "உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சேன்," என்றார்.

"தெரியும் தெரியும்," என்றேன். "சும்மா இந்தப் பக்கமா வந்தேன்."

அடுத்த ஊருக்கும் போனேன். அங்கேயும் சாக்கு இறங்கியிருந்தது. அதற்கடுத்த ஊருக்குப் போகவில்லை.

நேராக மண்டிக்கு வந்து தம்பிக்கு முன்னால் நின்றேன். சுற்றைப் பற்றிக் கேட்க வந்தவன், வாயில் முதலில் வந்ததைக் கேட்டேன். "அது செவிட்டுக் குதிரைன்னு உனக்குத் தெரியுமா?"

"தெரியும்ணே." டெலிபோனை ஓரமாக நகர்த்தி வைத்தான். "சாம்பிள் போடுற பொட்டலை ஒட்டியே குட்டியில இருந்து கட்டிக் கெடந்திருக்கு. அதுலயே காது போயிருச்சுன்னு அவரே சொன்னாரு. எனக்கு அது நல்லதாத்தான் பட்டுச்சு. வெடிக்குத்தான நீங்க பயந்தீக?"

"எங்கிட்டச் சொல்லலையே."

"சொல்லியிருந்தா வாங்கியிருப்பீகளா?"

வாங்கியிருக்கமாட்டேன். அதை அவன் சரியாகத்தான் கணக்குப் போட்டிருந்தான். வெடிக்கே மிரளாத குதிரை ஒரு லாரிக்கு ஏன் மிரண்டது என்று அவன் ஒருநாளும் கேட்காததன் காரணமும் அப்போதுதான் எனக்கு விளங்கியது.

"இப்ப ஏறிட்டேன்," என்றேன். "ஆமத்தூர் தாண்டிப் போயிட்டுத்தான் வாரேன். சுத்துக்கு நானே போறேன்."

"சந்தோஷம்ணே," என்றான். நிஜமாகவே சந்தோஷப்பட்ட மாதிரிதான் இருந்தது. "ஆனா அவன் மோட்டார் சைக்கிள்ல ஒரே பகல்ல எல்லா ஊரையும் பாத்துட்டு வந்துருதான். சம்சாரிகளும் பழகிட்டாக. இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அலைச்சல்? இங்கன காத்தாட உக்காருங்க." பிறகு வாசலை எட்டிப் பார்த்தான். "குதிரையை மட்டும் எதுத்தாப்புல கட்டாதீகண்ணே. லோடு ஏத்த லாரி வரணும்."

வெளியே வந்தேன். கடைக்கு எதிரில், நடுத்தெருவில், யார் கையையும் பிடிக்காமல் ஒரே மூச்சில் ஏறி உட்கார்ந்தேன். அவ்வளவு சுத்தமாக அதற்கு முன்பு நான் ஏறியதில்லை. மூட்டை தூக்குகிறவர்கள் தூக்கிக்கொண்டிருந்தார்கள். தம்பிக்கு டெலிபோன் வந்துவிட்டது. யாரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. போகவேண்டிய ஊர் எதுவும் இல்லாததால் குதிரையை வீட்டுப் பக்கம் திருப்பினேன்.