வீட்டுக்காரர் வீணாக்காத கதவு

இன்று காலை ஓசூர் பாகலூர் ரோட்டில் வாடகைக்கு வீடு பார்க்கப் போனேன். அடுத்த மாதம் மனைவியும் மகளும் மதுரையிலிருந்து வருகிறார்கள்.

வீட்டுக்காரர் முதலில் தன்னுடைய புது மாடி வீட்டைச் சுற்றிக் காட்டினார். நான் கேட்கவே இல்லை.

"பழைய வீட்டை இடிச்சுட்டுத்தான் சார் இதைக் கட்டுனேன். அதுல இருந்து ஒத்தச் செங்கல்கூட இதுல சேர்க்கல. அப்பா போனது, தம்பி கேஸ் போட்டது எல்லாம் அந்த வீட்லதான். பழசைச் சேர்த்தா அந்தப் பீடையும் கூடவே வந்துரும்."

"அப்போ இடிச்ச சாமானெல்லாம்?"

"வீணாக்குவோமா? பின்னாடி வாங்க."

பின்னால் வாடகைக்கு விட நான்கு வீடுகள் வரிசையாக நின்றன. பழைய செங்கல், பழைய ஜன்னல், பழைய வாசல் நிலை. அந்தக் குடும்பத்துப் பீடை மொத்தமும் வாடகைக்குத் தயார்.

கழிவறைக் கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டேன். இடித்த வீட்டின் பூஜை அறைக் கதவு அது. மணி தொங்கிய இடமெல்லாம் ஓட்டை. வெளியே நின்றால் உள்ளே இருக்கும் வாளிவரை தெரிகிறது.

"காத்து நல்லா வரும் சார்" என்றார்.

"இதுல இருந்த மணியெல்லாம் எங்கே?"

"அது பித்தளையாச்சே. நம்ம புது பூஜை ரூம்ல மாட்டிட்டேன்."

பீடை பித்தளையில் மட்டும் ஒட்டாது என்று இன்றுதான் தெரிந்துகொண்டேன்.

ஓசூர் பக்கம் வேறு வீடு இருந்தால் சொல்லுங்கள். பீடை இருந்தாலும் பரவாயில்லை, கழிவறைக் கதவில் ஓட்டை இருக்கக் கூடாது.