கருவேப்பிலங்குறிச்சியில் கவிழ்த்து வைத்த கப்பு

இப்போது நான் சொல்லப்போகும் கதையை உங்களில் ஒருவர்கூட நம்பப்போவதில்லை. கொளஞ்சியப்பர் மேல் ஆணையாகச் சொல்கிறேன், நம்பவும் வேண்டாம்.

டிங்...

சூளையிலிருந்து வந்து ஆறிய பீங்கான் கப்பை விரலால் சுண்டினால் அந்தச் சத்தம் வரும். கோயில் மணி குழந்தை பெற்றால் அது இப்படித்தான் அழும். விருத்தாசலத்தில் ஒரு சின்ன பீங்கான் கம்பெனியில் எனக்குக் கிடைத்த உத்தியோகமே அதுதான். நாள் முழுக்க கப்பைச் சுண்டுவது.

டிங் என்றால் நல்ல கப்பு. நிமிர்த்தி வலது பக்கம் வைக்கவேண்டும். டொக் என்றால் உள்ளே கண்ணுக்குத் தெரியாத விரிசல். 'ப்ச்' என்று சொல்லிக் கவிழ்த்து இடது பக்கம் தள்ளவேண்டும். 'ப்ச்' மட்டும் கம்பெனி சொல்லித்தரவில்லை, நானே சேர்த்துக்கொண்டது.

விரிசல் விட்ட கப்பில் சூடாக ஊற்றினால் உள்பக்கம் முதலில் விரியும். வெளிப்பக்கம் கூடவே விரியாது. அந்த இழுபறியில் விரிசல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்து, என்றைக்காவது ஒருநாள் பிளந்துகொள்ளும். பச்சை மண்ணாக இருக்கும்போதே விரிசல் தெரிந்தால் தண்ணீர் தெளித்துப் பிசைந்து மறுபடி செய்துவிடலாம். சூளைக்குள் போய் வந்துவிட்டால் பிரம்மனே சம்மணம் போட்டு உட்கார்ந்து பிசைந்தாலும் அது மண்ணாகாது.

என் காதின் புகழ் அன்று ஈரேழு உலகமும் பரவியிருந்தது. ஜங்ஷனில் நிற்கும் ரயிலில் எந்தப் பெட்டியில் யார் குறட்டை விடுகிறார் என்று வீட்டில் படுத்தபடியே சொல்வேன். அக்கா மகன் தலையைச் சுண்டிவிட்டு, "உள்ள காலி" என்று தீர்ப்பு எழுதியவன் நான்.

ஆனால் அந்தக் காதுக்கு வீட்டில் வேலை இல்லை.

அப்பா அம்மா போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அக்காவை மங்கலம்பேட்டையில் கட்டிக்கொடுத்தாயிற்று. நானே பொங்கி, நானே தின்று, "குழம்பு நல்லா இருக்குது" என்று நானே சொல்லிக்கொள்வேன். வீட்டுக்குள் இன்னொரு ஆள் நடக்கிற சத்தம் கேட்கவேண்டும்... என் ஆசையெல்லாம் அவ்வளவுதான்.

அதனால் அக்கா என்னையும் கூட்டிக்கொண்டு பெண் பார்க்க கருவேப்பிலங்குறிச்சிக்கு பஸ் ஏறினாள்.

பெண் வந்தாள். பெயர் சொல்லமாட்டேன், இன்று பேரப்பிள்ளை எடுத்தவர். காப்பித் தட்டை நீட்டி, தலையைக் குனியாமல், நேராக என்னைப் பார்த்துக் கேட்டாள்.

"சக்கர போதுமாங்க?"

கொதிக்கிற காப்பியை ஒரே மடக்கில் விழுங்கினேன். நாக்கில் அந்த இடத்துக்கு இன்றுவரை ருசி கிடையாது. வாழ்ந்தால் இவளோடுதான் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

முடிவான சந்தோஷத்தில் விரல் தன் பாட்டுக்கு கப்பைச் சுண்டியது.

டொக்.

வாய் 'ப்ச்' என்றது. கை கப்பைக் கவிழ்த்தது. இடது பக்கம் தள்ளியது.

அந்த 'ப்ச்'சில் ஊர்க் காக்கையெல்லாம் எழுந்து பறந்தன. வெள்ளாறு ஒரு நிமிஷம் ஓடாமல் நின்று திரும்பிப் பார்த்தது. சேத்தியாத்தோப்பு பஸ்ஸில் தூங்கிக்கொண்டிருந்தவர்கள்கூட முழித்துக்கொண்டார்கள்.

பெண் தட்டை அப்படியே வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவளுடைய அப்பா எழுந்தார். "ஏம்பா தம்பி, எம்பொண்ணு மூஞ்சிக்கு நேரா சூள் கொட்டி கப்ப கவுத்து வெக்கிற? புடிக்கலன்னா வாயத் தொறந்து சொல்லிட்டுப் போவறது!"

"ஐயோ, அப்பிடி இல்லிங்க மாமா! கப்புல விரிசல் இருக்குதுங்க!"

"யாருக்கு யாரு மாமா? எங்க விரிசல், காட்டு!"

கப்பு கைமாறியது. வெளிச்சத்தில் பிடித்தார்கள். திருப்பிப் பார்த்தார்கள். முழுசாக, வழவழவென்று இருந்தது.

"இதுலதானே காப்பி குடிச்ச? ஒரு சொட்டு ஒழுவுச்சா?"

"கண்ணுக்குத் தெரியாதுங்க... சத்தம்தான் சொல்லும்..."

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். கெளம்பு."

அக்கா தொடையில் கிள்ளிய கிள்ளில் பாதிச் சதை அவளோடு போயிற்று. "வாடா வெளிய, எருமை! சுண்டுறதுக்கு வேற எடமே கெடைக்கலியா ஒனக்கு?"

மறுபடி ஆள் அனுப்பினோம். அதற்குள் வேறு இடத்தில் பூ வைத்துவிட்டார்கள். அதற்குப் பிறகு வந்த இடங்களுக்கெல்லாம் நான் ஏதோ ஒரு சாக்குச் சொன்னேன். அக்கா திட்டித் திட்டி ஓய்ந்துபோனாள்.

இப்போது டீக்கடையில் எல்லாம் பேப்பர் கப்பு. சுண்டினால் சத்தம் வராது, நசுங்கும். வீட்டில் பீங்கான் கப்பு அலமாரி நிறைய இருக்கிறது. குடிக்க நான் ஒருவன். உங்கள் லைக்கெல்லாம் போனில் டிங் டிங் என்று வந்து விழுகிறது, சந்தோஷம்... ஆனால் அது பக்கத்து அறையில் ஆள் இருக்கிற சத்தம் ஆகாது.

சரி. காக்கை பொய். வெள்ளாறு பொய். ரயில் குறட்டையும் பொய். நாக்கில் எல்லா இடத்திலும் ருசி இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம் மட்டும் நெசம்.

அன்று பெண் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். நான் கவிழ்த்த கப்பும் தட்டோடு உள்ளே போயிருந்தது. உள்ளே சமையல்கட்டில் யாரோ ஒரு கப்பைச் சுண்டினார்கள். டொக். கொஞ்சம் பொறுத்து, இன்னொரு கப்பு... டிங். திரும்பவும் அந்த முதல் கப்பையே, மெதுவாக.

அதற்குள் அக்கா என்னைத் தெருவுக்கு இழுத்துவிட்டாள்.