கண்ணின் பாவை பெரிதான சனிக்கிழமை

நான் பயந்தாங்கொள்ளி. இதில் ஒளிக்க ஒன்றுமில்லை. டெக்சஸில் சூறாவளி சைரன் ஊதினால் எங்கள் தெருவில் முதலில் பாதுகாப்புக்காகக் குளியல் தொட்டிக்குள் போய் உட்காருகிறவள் நானாகத்தான் இருப்பேன். யாராவது இரண்டு முறை இருமினால் மூன்றாவது இருமலுக்கு முன்பே இணையத்தில் தேடிவிடுவேன். என் கணவர் நேர் எதிர். எது நடந்தாலும் "அவன் பாத்துப்பான்" என்று கையை மேலே காட்டிவிட்டுக் காபி குடிக்கப் போய்விடுவார்.

அன்று சனிப் பிரதோஷம். ஆலன் நகரில் எங்கள் வீட்டின் பின்வேலி ஓரம் ஊமத்தை தானாக முளைத்துப் புதராகியிருந்தது. களை, பிடுங்குங்கள் என்று குடியிருப்புச் சங்கத்தார் சொல்லியும் என் கணவர் கேட்கவில்லை. சிவனுக்கு உகந்த பூ, இந்த ஊரில் காசு கொடுத்தாலும் கிடைக்காது என்று தண்ணீர் ஊற்றி வளர்த்தார். பிரதோஷத்தன்று பூவைப் பறித்து ஜிப்லாக் பையில் போட்டுக் கோவிலுக்கு எடுத்துப் போவார். அபிஷேகத்துக்கு உதவும் கூட்டத்தில் அவரும் ஒருவர் என்பதால் அன்றும் மதியத்துக்கு முன்பே வேட்டி கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

வீட்டில் நானும் மகளும். எட்டாவது படிக்கிறாள். திங்கட்கிழமை பள்ளியில் பேச வேண்டும். கிரேக்க அறிஞர்கள் அறிவியலுக்கும் வரலாற்றுக்கும் பண்பாட்டுக்கும் என்ன கொடுத்தார்கள் என்பது தலைப்பு. ஒரு மாதமாக எங்கள் வீட்டில் கிரேக்கர்கள் குடியிருந்தார்கள். ரசம் வைத்தால் அதற்கொரு கிரேக்கச் சொல், குப்பை கொட்டினால் அதற்கொன்று. ஒத்திகை பார்க்க வேண்டும் என்று மூன்று மடிப்பு அட்டையைச் சாப்பாட்டு மேசையில் நிறுத்தினாள். நான் வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே கேட்டேன்.

அவள் சொன்ன பெயர்கள் ஒன்றும் என் வாயில் நுழையவில்லை, ஆனால் ஆட்களைப் பிடித்துப்போனது. ஒருவர் இரண்டு ஊர்களில் விழுந்த நிழலை ஒப்பிட்டே பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டாராம். இன்னொருவர் ஊர் ஊராகப் போய்ப் பார்க்கிறவர்களை எல்லாம் விசாரித்து எழுதினாராம். ஹிஸ்டரி என்ற சொல்லுக்கே ஆதியில் விசாரிப்பது என்றுதான் பொருளாம். மூன்றாவது கூட்டம் மருத்துவர்கள். சாமி கோபத்தால் வருகிறது என்று ஊரே நம்பிய வியாதிக்கு, சாமிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, காரணத்தை உடம்பிலும் சுற்றியிருப்பதிலும் தேடுங்கள் என்றார்களாம். அதைச் சொல்லும்போது அவள் என்னை நேராகப் பார்த்தாள். அப்போதுதான் அந்தக் கண்ணைக் கவனித்தேன்.

வலது கண்ணில் கருவிழிக்கு நடுவே இருக்கும் பாவை அகலமாகத் திறந்து கிடந்தது. பழுப்பு வளையமே மெல்லிய கோடாகிவிட்டது. இடது கண் எப்போதும் போல இருந்தது. ஜன்னல் பக்கம் திருப்பினேன். இடது பாவை சுருங்கியது, வலது அசையவே இல்லை. வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை, கிட்டத்தில் எழுத்து கொஞ்சம் மங்கலாகத் தெரிகிறது, காண்டாக்ட் லென்ஸாக இருக்கும் என்றாள். லென்ஸ் போடத் தொடங்கிச் சில வாரம்தான் ஆகியிருந்தது. கழற்றச் சொன்னேன். கழற்றியும் அது அப்படியே இருந்தது.

இணையத்தில் தேடினேன், தேடியிருக்கக் கூடாது. கையை உதறிவிட்டு அவளைக் காரில் ஏற்றினேன். கணவருக்குப் போன் போனது, எடுக்கவில்லை. அபிஷேகத்துக்கு நின்றால் போன் காரிலேயே கிடக்கும். ஃப்ரீவேயில் ஏறினேன். அவள் பக்கத்து சீட்டில் ஐபேடை வைத்துக்கொண்டு பேசிக்கொண்டே வந்தாள்.

எமர்ஜென்சியில் எங்களை உட்காரக்கூட விடவில்லை, நேரே உள்ளே அழைத்துப் போனார்கள். மற்ற நாளாக இருந்தால் சந்தோஷப்பட்டிருப்பேன். எங்கே காக்க வைக்க மாட்டார்களோ அங்கேதான் விஷயம் பெரிது என்று அன்று புரிந்தது. டாக்டர் டெக்சஸ்காரப் பெண், இழுத்து இழுத்துப் பேசினார். கண்ணில் விளக்கடித்துப் பார்த்தார், கையைத் தூக்கச் சொன்னார், சிரிக்கச் சொன்னார். பிறகு விசாரணை. சொட்டு மருந்து போட்டீர்களா, இல்லை. பயண வாந்திக்குக் காதுக்குப் பின்னால் ஒட்டும் பட்டி, இல்லை. தோட்ட வேலை, பூச்சி மருந்து, செடி கொடி ஏதாவது தொட்டாளா, இல்லை. அடித்துச் சொன்னேன் இல்லை என்று. மகளும் தலையாட்டினாள். எங்கள் வீட்டில் யாரும் தோட்ட வேலை செய்வதில்லை.

இதற்குப் பெயர் அனிசோகோரியா என்றார் டாக்டர். திரைச்சீலை ஓரமாக என்னைத் தள்ளி அழைத்துப் போய், குரலைத் தாழ்த்தி, மூளையின் இரத்தக் குழாய் வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும் என்றும் சொன்னார். அனியூரிசம்.  பயப்படத் தகுந்த எல்லாவற்றுக்கும் இந்தக் கிரேக்கர்கள்தான் பெயர் வைத்திருப்பார்கள் போலிருக்கிறது.

திரும்பி வந்தால் மகள் கட்டிலில் சம்மணமிட்டு உட்கார்ந்துகொண்டு அனிசோகோரியாவைப் பிரித்துக் கொண்டிருந்தாள். அன் என்றால் இல்லை, ஐசோ என்றால் சமம், கோரே என்றால் சிறுமி. சமமில்லாத சிறுமிகள். கண்ணுக்குள் எதற்குச் சிறுமி என்று அவளே கேட்டு, அவளே ஐபேடில் தேடிச் சொன்னாள். ஒருவர் கண்ணை மிகக் கிட்டே பார்த்தால் அந்தக் கறுப்பில் நம் உருவமே பொம்மை அளவில் தெரியும், அதனால்தானாம்.

"நம்ம தமிழ்லயும் அதேதான்டா. பாவைன்னா பொம்மை, பொண்ணு. கண்ணுல இருக்கறதும் பாவைதான்" என்றேன்.

அவள் முகம் மலர்ந்தது. இதை அட்டையில் சேர்த்துவிடலாம், யாரிடமும் இருக்காது என்று ஆங்கிலத்தில் சொன்னாள். பார், உன் பொம்மை தெரிகிறதா என்று முகத்தை நீட்டினாள். குனிந்து பார்த்தேன். அந்தப் பெரிய பாவைக்குள் நான் இருந்தேன். பயந்த மூஞ்சி அவ்வளவு சின்னதாக இருந்தும் பயம் தெளிவாகத் தெரிந்தது. இந்தக் குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை, அதுவரைக்கும் நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

ஸ்கேனுக்கு அழைத்துப் போனார்கள். கம்மலைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டுப் போனாள். நான் அந்தக் கம்மலைப் பிடித்துக்கொண்டு சிவனைத் திட்டினேன். உனக்குப் பால் ஊற்றத்தானே அவர் போயிருக்கிறார், உன் நாளிலேயா இப்படிச் செய்வாய் என்று கேட்டேன். பிறகு திட்டியதற்குப் பயந்து மன்னிப்புக் கேட்டேன். மொட்டை போடுகிறேன் என்றேன். எனக்கா அவளுக்கா என்று சொல்லவில்லை.

முதல் ஸ்கேனில் ஒன்றும் தெரியவில்லை. நான் மூச்சு விடுவதற்குள், இது போதாது, குழாய்களை மட்டும் தனியாகப் பார்க்கும் இன்னொரு ஸ்கேன் வேண்டும் என்றார் டாக்டர். அதற்கு ஆள் தயாராவதற்குள் பாவையைச் சுருக்கும் ஒரு சொட்டு மருந்தை இரண்டு கண்ணிலும் விட்டார். காத்திருந்தோம். இடது பாவை கடுகளவாகிவிட்டது. வலது அப்படியே நின்றது. முடிந்தது என்று நினைத்தேன். 

டாக்டர் முகமோ தெளிந்தது. நரம்பு கெட்டிருந்தால் இந்த மருந்துக்குச் சுருங்கியிருக்கும், சுருங்காததால் கண்ணில் ஏதோ ஒரு பொருள் பட்டிருக்கிறது என்றார். மறுபடி காலையிலிருந்து ஒவ்வொன்றாகச் சொல்லச் சொன்னார். மகள் சொன்னாள். எழுந்தேன், லென்ஸ் போட்டேன், பூஜைக்கு அப்பாவோடு கொஞ்சம் உதவினேன், தோசை சாப்பிட்டேன். உதவி என்றால் என்ன என்று டாக்டர் கேட்கவில்லை. எங்களுக்கும் அது சொல்ல வேண்டிய விஷயமாகத் தோன்றவில்லை.

அப்போதுதான் என் கணவர் திரையை விலக்கிக்கொண்டு வந்தார். என் போன் அழைப்புகளையும் ஆஸ்பத்திரி பெயரோடு அனுப்பிய செய்தியையும் ஒன்றாகப் பார்த்துவிட்டு, ஈர வேட்டியோடு ஓடி வந்திருந்தார். நெற்றி நிறைய விபூதி.  பையிலிருந்த ஜிப்லாக்கை எடுத்து அவள் மடியில் வைத்தார்.

"நீ பறிச்ச பூதான்டா. சாமி தலைலேந்து எடுத்துக் குடுத்தாரு குருக்கள். கண்ணுல ஒத்திக்கோ."

அவள் பையைத் திறக்கப் போனாள். டாக்டர் ஒரே எட்டில் வந்து பிடுங்கிக்கொண்டார். பையை விளக்குக்கு நேராகத் தூக்கிப் பார்த்தார். நீளமான வெள்ளைப் பூ, புனல் போல விரிந்து, ஓரம் வாடியிருந்தது. தன் அப்பாவின் பண்ணையில் மாடு இந்தச் செடிப் பக்கம் போனாலே விரட்டுவோம் என்றார். பூஜைக்கு உதவினேன் என்றாளே, இதைப் பறித்ததா, பறித்த கையால் கண்ணைத் தொட்டாளா என்று கேட்டார்.

தொட்டாள். லென்ஸ் உறுத்துகிறது என்று வலது கண்ணில் விரலை விட்டுச் சரிசெய்தாளாம்.

ஊமத்தை விஷம் என்று தெரியாத தமிழர் யார்? தின்றால் பைத்தியம் பிடிக்கும் என்று எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து தெரியும். ஆனால் செடி தொட்டாளா என்று கேட்டபோது இல்லை என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னேனே, அது பொய்யில்லை. பூஜைக்குப் பறித்துவிட்டால் அது எங்களுக்குச் செடியில்லை, பூ. சாமிப் பூவுக்கு விஷம் ஏது? ஆலகாலத்தையே விழுங்கியவர் தலையில் அது இருக்கலாம், லென்ஸ் போட்ட பிள்ளையின் விரலில் இருக்கக் கூடாது. கணவர் சுவரைப் பார்த்து நின்றார். அவன் பாத்துப்பான் என்று அவர் சொல்லவில்லை.

இரண்டாவது ஸ்கேன் வேண்டாம் என்று முடிவானது. சில நாளில் பாவை தானாகச் சுருங்கிவிடும், அதுவரை வெயிலில் கறுப்புக் கண்ணாடி போடட்டும் என்று அனுப்பினார்கள். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. என் காரை அங்கேயே விட்டுவிட்டு மூவரும் கணவரின் காரில் ஏறினோம். எனக்குச் சிரிப்பாக வந்தது. இதையும் உன் அட்டையில் ஒட்டிக்கோ, கிரேக்கர்கள் சொன்ன மாதிரி சாமிக்குச் சம்பந்தமில்லை, சாமிப் பூவுக்குத்தான் சம்பந்தம் என்று பின்னால் திரும்பிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கறுப்புக் கண்ணாடிக்குக் கீழே கன்னம் நனைந்திருந்தது.

எதைக் கேட்டாலும் ஆங்கிலத்திலேயே பதில் சொல்கிறவள், தமிழில் சொன்னாள்.

"அம்மா, டாக்டர் உன்கிட்ட மெதுவா சொன்ன வேர்ட் எனக்குக் கேட்டுது. அனியூரிசம். அதுவும் என் கிரீக் லிஸ்ட்ல இருக்கு. மீனிங் தெரியும்."

 அவளே மேலும் சொன்னாள்.

"நான் செத்துடுவேன்னு நெனச்சேன்மா. பேசிட்டே இருந்தா நீ அழ மாட்டேன்னு பேசினேன்."

கணவர் காரை ஓரமாக நிறுத்தினார். நான் இறங்கிப் பின் சீட்டுக்குப் போய் அவளை இழுத்து மடியில் போட்டுக்கொண்டேன். மடிக்குள் அடங்காத அளவு வளர்ந்துவிட்டிருந்தாள். வீடு வரும் வரை அவள் அழுதாள். நான் அழாமல் பேசிக்கொண்டே வந்தேன்.